ஐசெக், ஐயெஸ்டே: யாருக்கு எது?

பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலோ படித்துக்கொண்டு வெளிநாட்டு அனுபவத்தைத் தேடுகிறவர்கள் முன் ஐசெக் (AIESEC), ஐயெஸ்டே (IAESTE) என்ற இரண்டு மாணவர் பரிமாற்ற அமைப்புகள் இருக்கின்றன. இரண்டுமே போர் ஓய்ந்த ஐரோப்பாவில் 1948ஆம் ஆண்டு தோன்றியவை என்றாலும், இயல்பில் வெவ்வேறானவை.

ஐசெக்கை நடத்துகிறவர்கள் மாணவர்களும் அண்மையில் பட்டம் பெற்றவர்களுமே. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் எந்தப் பாடம் படித்திருந்தாலும் சேரலாம். அதன் குறுகிய காலத் தன்னார்வப் பணிக்கு ஊதியம் கிடையாது. கட்டணம், விமானச் செலவு, விசா அனைத்தும் நம் கையிலிருந்தே போக வேண்டும். மாம்பழ விளைச்சலை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்த ஐயெஸ்டே, பெரும்பாலும் பொறியியல், அறிவியல் மாணவர்களை ஆய்வகத்திலோ தொழிற்சாலையிலோ பயிற்சிக்கு அமர்த்துகிறது. அங்கே தங்கி உண்பதற்கான உதவித்தொகையைப் பயிற்சியளிக்கும் நிறுவனமே தருவதால், நம் தலையில் விழுபவை முக்கியமாகப் பயணம், விசா, காப்பீட்டுச் செலவுகளே. ஆனால் நாடுகள் தமக்குள் பயிற்சி இடங்களை மாற்றிக்கொள்ளும் முறை என்பதால், விரும்பிய நாடே வாய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பர்கூர் மாணவருக்கு நான் ஐயெஸ்டேயையே சொல்வேன். வரலாறோ தமிழோ படிப்பவருக்கு அந்த வழி அநேகமாக இல்லை. பணம் புரட்ட முடிந்தால் அவர் ஐசெக்கை நாடலாம்.