பாவித்த பி.எஸ்.பி.க்கு எது பொருந்தும்: ரெசிஸ்டன்ஸா, கில்ஸோனா?

திருகோணமலையில் இப்போது யாராவது பி.எஸ்.பி. (சோனியின் கையடக்கக் கேம் கருவி) வாங்கினால் அது ஏற்கெனவே ஒருவர் பாவித்ததாகத்தான் இருக்கும். அதனால் எந்தக் கேம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், தேய்ந்த கருவியில் எதை ஆட முடியும் என்று பார்க்க வேண்டும். ‘கில்ஸோன்: லிபரேஷன்’, ‘ரெசிஸ்டன்ஸ்: ரெட்ரிபியூஷன்’ என்ற இரண்டு துப்பாக்கிச் சண்டைக் கேம்களும் என்னிடம் இருந்தன. லிபரேஷன் இப்போது உப்புவெளியில் மச்சானிடம். ரெட்ரிபியூஷனை நான் கொடுக்கவில்லை.

இரண்டுமே பிளேஸ்டேஷனின் பெரிய தொடர்களிலிருந்து வந்தவை. 2006இல் கெரில்லா கேம்ஸ் செய்த லிபரேஷனில் களத்தை மேலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம். 2009இல் பெண்ட் ஸ்டுடியோ செய்த ரெட்ரிபியூஷனில் வீரனின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறோம். கிராஃபிக்ஸ், சத்தம் எல்லாம் இரண்டிலும் நன்று, அதை விடுவோம்.

விஷயம் அந்த ஒற்றை அனலாக்தான், அதாவது ஆளை நகர்த்தப் பெருவிரலால் சாய்க்கும் சின்னக் குமிழ். பி.எஸ்.பி.யில் இடப்பக்கம் ஒன்றே ஒன்று இருக்கிறது, நாள்பட அது தளர்ந்துவிடும். கடற்காற்றோ கைவியர்வையோ, என்னுடையது சும்மா விட்டாலும் ஒரு பக்கமாக இழுக்கிறது. லிபரேஷனில் அனலாக்கைச் சாய்த்த திசைக்குத்தான் ஆளும் திரும்புவான், துப்பாக்கியும் திரும்பும். இழுக்கிற அனலாக்கோடு ஆடினால் குண்டு சுவருக்குப் போகும். அந்தக் கேமோ கருணையே இல்லாதது. செத்துச் செத்து அதே இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ரெட்ரிபியூஷனில் அனலாக் நடக்க மட்டும்தான். வலப்பக்க நான்கு பட்டன்களால் பார்வையைத் திருப்பலாம். முதலில் விரல்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். திரையின் நடுவில் உள்ள பெட்டிக்குள் எதிரி வந்தால் குறி தானாகவே பற்றிக்கொள்கிறது. மறைவுச் சுவர் அருகே போனால் நாயகன் கிரேசன் தானாகவே பதுங்குகிறான். கால் கொஞ்சம் கோணலாகப் போனாலும் குண்டு தவறுவதில்லை. இதனால் கேம் இலகுவாகிவிட்டது என்பவர்களை நான் மறுக்க மாட்டேன், சில கட்டங்கள் சப்பென்றுதான் இருக்கின்றன. ஆனால் கைமேரா என்னும் எதிரி அரக்கனாக மாறிக்கொண்டிருந்த சொந்தச் சகோதரனையே சுட நேர்ந்தவனின் கோபம் கதையை இழுத்துக்கொண்டு போகிறது.

அப்புறம் இன்னொன்று. லிபரேஷனின் டிஸ்க்கில் நான்கு அத்தியாயங்கள்தான். ஐந்தாவதைப் பிறகு தரவிறக்கமாகவே விட்டார்கள். டிஸ்க்கை மட்டும் வாங்குபவருக்குக் கதை முடியாது.

இரண்டு பி.எஸ்.பி.யும் கூட ஒரு கூட்டாளியும் இருந்தால் மட்டும் லிபரேஷனை யோசிக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே மிஷன்களை ஆட அதில் வசதி உண்டு. நான் அப்படிக் கொஞ்சம்தான் ஆடினேன், ஆடியவரை கலகலப்பாக இருந்தது. ரெட்ரிபியூஷன் கதையில் அந்த வசதி இல்லை.

எதை வாங்கினாலும் கடையிலேயே போட்டுப் பாருங்கள். அனலாக்கிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஆள் நடக்கிறானா என்று கவனியுங்கள். யு.எம்.டி. எனப்படும் பி.எஸ்.பி. டிஸ்க்கின் பிளாஸ்டிக் உறை பிரிந்திருந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.