காதா, கிளஸ்டரா? சேலத்து ஹாம் ஒருவருக்கு எந்தப் பிரிவு

சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் ஒரு தம்பி அண்மையில் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வாங்கினார். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, 50 வாட். மொட்டை மாடியில் 20 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளத்தால் பெயரிட்ட அலைவரிசைப் பகுதி) டைபோல் என்ற எளிய கம்பி ஆன்டெனா ஒன்றைக் கட்டி முடித்த கையோடு போன் செய்து கேட்டார்: "அண்ணா, சிக்யூ வேர்ல்டு வைடுல எந்தப் பிரிவுல பேர் குடுக்கறது? கிளஸ்டர் வெச்சா, வெக்காமயா?" வெக்காம ஆடுங்க என்று உடனே சொல்லிவிட்டேன். காரணத்தைக் கேட்டபோது பத்து நிமிடம் பேசியும் முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். முடிந்த அளவு அதிக நிலையங்களோடு ரேடியோவில் தொடர்பு கொள்வதுதான் ஆட்டம். சிக்யூ வேர்ல்டு வைடு அக்டோபர் கடைசி முழு வார இறுதியில் குரலிலும், நவம்பர் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸிலும் நடக்கிறது. நம் நேரப்படி சனிக்கிழமை காலை 5.30க்குத் தொடங்கித் திங்கள் காலை 5.30 வரை 48 மணி நேரம். 160 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை ஆறு பேண்டுகள். ஒவ்வொரு தொடர்பிலும் சிக்னல் ரிப்போர்ட்டையும் (சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற எண், வழக்கமாக 59) மண்டல எண்ணையும் பரிமாறிக்கொள்ள வேண்டும். உலகத்தை 40 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், நாம் 22. ஆக, சேலத்திலிருந்து நாள் முழுக்க "ஃபைவ் நைன், டூ டூ" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். வேறு கண்டத்து நிலையம் என்றால் 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாடு என்றால் 1, இந்தியாவுக்குள் பேசினால் புள்ளியே இல்லை. ஒவ்வொரு பேண்டிலும் புதிதாகப் பிடிக்கும் நாடும் மண்டலமும் மல்டிபிளையர். மொத்தப் புள்ளியை மொத்த மல்டிபிளையரால் பெருக்கினால் ஸ்கோர்.

இதைத் தனியாக ஆடுபவருக்கு இரண்டு வழி. அன்அசிஸ்டட் என்றால் டயலைத் திருப்பி, காதால் கேட்டு, யார் எங்கே இருக்கிறார் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். அசிஸ்டட் என்றால் இணையத்தில் வரும் டிஎக்ஸ் கிளஸ்டரைப் பார்க்கலாம். இன்ன அழைப்புக்குறி (ஒரு நிலையத்தின் அடையாள எழுத்தும் எண்ணும்) இன்ன அலைவரிசையில் இருக்கிறது என்று மற்றவர்கள் போடும் ஸ்பாட்டுகள் திரையில் வரிசையாக வரும். மோர்ஸ் போட்டியில் ஆள்கூடத் தேவையில்லை. ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கில் உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் ரிசீவர்கள் சிக்னலைத் தாமே படித்து ஸ்பாட் போட்டுவிடும். தொடர்புகளைப் பதியும் லாக் மென்பொருளில் ஒரு கிளிக் செய்தால் ரேடியோ அந்த இடத்துக்குப் போய் நிற்கும்.

பல ஆண்டுகளாக நடக்கும் சண்டை இங்கேதான். ஒரு தரப்பு இரண்டு பிரிவையும் ஒன்றாக்கச் சொல்கிறது. இணையம் எல்லார் மேசையிலும் இருக்கிறது, ஒளித்துப் பார்ப்பவரை யார் பிடிப்பது, நேர்மையாக ஆடுபவர்தான் நஷ்டப்படுகிறார் என்பது அவர்கள் வாதம். ஐரோப்பாவின் டபிள்யூஏஈ போட்டியில் எல்லாருமே கிளஸ்டர் பார்க்கலாம். மறு தரப்புக்கு, கேட்டுக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டமே. அதை எடுத்துவிட்டால் மீதி இருப்பது தட்டச்சு வேலை என்கிறார்கள். சிக்யூ வேர்ல்டு வைடு இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. முன்னணி இடங்களுக்கு ஆடுபவர்கள் போட்டி முழுவதையும் ஒலிப்பதிவு செய்து, நடுவர்கள் கேட்டால் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. எனக்கு இது சரியாகவே படுகிறது. பிடிப்பது கடினம் என்பதற்காக ஒரு விதியையே கைவிட வேண்டியதில்லை.

கொள்கையை விட்டுவிட்டு லாபக் கணக்கையே பார்ப்போம். நமக்கு எது அதிக ஸ்கோர் தரும்?

சின்ன நிலையத்தில் 300 தொடர்பு, எல்லாமே வேறு கண்டம், 100 மல்டிபிளையர் என்று வைத்துக்கொள்வோம். 900 பெருக்கல் 100, அதாவது 90,000. கிளஸ்டர் பார்த்துக் கூடுதலாக 20 மல்டிபிளையர் பிடித்தால் 1,08,000. கிளஸ்டரைத் தொடாமல் 60 தொடர்பு கூடுதலாகப் போட்டாலும் அதே 1,08,000 தான். அதாவது இந்த அளவில் ஒரு மல்டிபிளையரின் மதிப்பு மூன்று தொடர்பு. மாலையில் 15 மீட்டர் ஐரோப்பாவுக்குத் திறந்திருக்கும்போது, அதாவது சிக்னல் அங்கே போய் எட்டும்போது, ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு "சிக்யூ காண்டெஸ்ட்" என்று அழைத்தால், மணிக்கு 40 பேர் என்ற சுமாரான வேகத்தில் மூன்று தொடர்புக்கு நாலரை நிமிடம் ஆகும். கிளஸ்டரில் வந்த மல்டிபிளையரை நாலரை நிமிடத்துக்குள் பிடிக்க முடிந்தால் லாபம், முடியாவிட்டால் நஷ்டம்.

50 வாட்டும் மாடி டைபோலும் வைத்துக்கொண்டு பிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. ஸ்பாட் விழுந்த அடுத்த நொடி நூறு பேர் அதே கிளிக்கை அழுத்தி அங்கே வந்து நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பெரிய கோபுரமும், ஒரே திசையில் சிக்னலைக் குவிக்கும் பீம் ஆன்டெனாவும் வைத்திருப்பவரின் குரல்தான் முதலில் கேட்கும். ஸ்பாட் விழுவதற்கு முன்பு, அந்த நிலையம் பதிலே வராமல் தனியாக அழைத்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தால் நம் 50 வாட்டும் கேட்கும். அதற்கு டயலைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும், காது பழகியிருக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. மண்டலம் 22 ஐரோப்பியருக்கு எல்லா நேரமும் எளிதில் கிடைப்பதில்லை, அவர்களுக்கு நாமே மல்டிபிளையர். ஓரிடத்தில் நின்று அழைத்தால் யாராவது நம்மை ஸ்பாட் போடுவார்கள், பிறகு கூட்டம் நம்மிடம் வரும். நம்மை நாமே ஸ்பாட் போட்டுக்கொள்ளக் கூடாது, ஆனால் பிறர் போடுவதால் நம் பிரிவுக்கு எந்தக் குந்தகமும் இல்லை.

கிளஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றும் உண்டு. ஒரு வருடம் அசிஸ்டட் ஆடினேன். திரையில் இருந்த அழைப்புக்குறியைச் சரிபார்க்காமல் அப்படியே லாக்கில் ஏற்றினேன். ஸ்பாட் போட்டவர் ஓர் எழுத்தைத் தவறாகக் கேட்டிருந்தார். லாக் சோதனை அறிக்கை வந்தபோது அப்படிப்பட்ட தொடர்புகள் வெட்டப்பட்டிருந்தன, தண்டனையாகக் கூடுதல் புள்ளிகளும் போயிருந்தன. அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தேன். எதிரில் பேசிய மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லையே என்றுதான் உறுத்தியது, புள்ளி போனது அப்புறம்தான்.

கிளஸ்டருக்கும் நியாயம் செய்ய வேண்டும். பேண்ட் செத்துக் கிடக்கும் நேரத்தில், எந்தப் பக்கம் திறக்கிறது என்று கற்றுக்கொள்ள அதைப் போல நல்ல ஆசிரியர் இல்லை. காலையில் 10 மீட்டரில் ஜப்பான், பிற்பகலுக்கு மேல் ஐரோப்பா, இருட்டிய பின் 40 மீட்டர் என்ற வரைபடத்தை நானே ஸ்பாட்டுகளைப் பார்த்துத்தான் மனதில் ஏற்றினேன். போட்டி இல்லாத நாட்களில் பாருங்கள். கேட்கும் திறன் குறைந்த மூத்த ஹாம்களும் அசிஸ்டட் பிரிவால்தான் இன்னும் ஆடுகிறார்கள். அவர்களைக் குறைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

எஃப்டி8 பற்றியும் கேட்பார்கள். 2017ல் வந்த இந்த முறையில் கணினி 15 நொடிச் சுற்றுகளில் தானே அனுப்பி, தானே படித்துக்கொள்ளும். மனிதக் காதுக்கு எட்டாத சிக்னலும் அதில் வரும். அதற்கு 2019 முதல் வேர்ல்டு வைடு டிஜி என்று தனிப் போட்டியே இருக்கிறது. அடுக்குமாடியில் ஜன்னல் ஆன்டெனா மட்டும் வைத்திருப்பவருக்கு அது வரப்பிரசாதம். நான் பேசுவது காதால் ஆடும் ஆட்டத்தைப் பற்றி என்பதால் அதை இங்கே ஒப்பிடவில்லை.

காதுதான் என்று முடிவு செய்தால் அடுத்த கேள்வி, எங்கே உட்கார்ந்து கேட்பது? நகரத்தில் இரைச்சல்தான் எதிரி. விசைத்தறி, எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு சார்ஜர் எல்லாம் சேர்ந்து என் வீட்டில் 40 மீட்டர் பேண்டில், சிக்னல் பலத்தை எஸ் அளவுகளில் காட்டும் மானியின் முள்ளை எஸ்7ல் நிறுத்திவிடும். சேலத்துக்கு மேலே ஏற்காடு மலையில் தோட்டத்து வீடு ஒன்றில் அதே ரேடியோ எஸ்3 காட்டியது. ஒரு எஸ் அளவுக்கு 6 டெசிபெல், நான்குக்கு 24. எதிரே பேசுபவர் தன் சக்தியை 250 மடங்கு கூட்டியதற்குச் சமம்! இதை எந்த ஆம்ப்ளிஃபயரும் தராது. மின்தடை வந்தால் சேலத்து வீட்டிலும் கொஞ்ச நேரம் இந்த அமைதி கிடைக்கும், அப்போது பேட்டரியில் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் மலை என்றதும் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 1,500 மீட்டர் உயரம், நேர்க்கோட்டில் போகும் உயர் அலைவரிசையான விஎச்எஃப் ஆட்களுக்குப் பொக்கிஷம். இந்தப் போட்டி நடக்கும் எச்எஃப்பில் முக்கியம் நம் முன்னால் தரை எந்தத் திசையில் சரிகிறது என்பதுதான். சரிவு சிக்னலைத் தாழ்ந்த கோணத்தில் வெளியே அனுப்பும். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேலம் விரிந்து கிடப்பதைப் பார்த்து, ஆகா இதுதான் இடம் என்று தோன்றும். அந்தச் சரிவு தெற்கே பார்க்கிறது. நமக்கு ஐரோப்பா வடமேற்கு, ஜப்பான் வடகிழக்கு, அமெரிக்கா ஏறக்குறைய நேர் வடக்கு. புள்ளி வரும் திசையெல்லாம் முதுகுப் பக்கம். வடக்கோ வடமேற்கோ திறந்திருக்கும் இடமாகப் பார்த்துப் போக வேண்டும். ஏரியைச் சுற்றிய பள்ளம் எதற்கும் ஆகாது.

அக்டோபர், நவம்பர் இரண்டும் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதும் மலைக்கு எதிரானது. இடி வந்தால் ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, கம்பம் நட்டு, மூடுபனியில் கயிறு இழுத்து, 48 மணி நேரத்தில் எட்டு மணி நேரத்தை நான் மழைக்குக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் என்றால் கழற்றிவிட்டுத் தூங்கலாம். உரிமத்தில் இருக்கும் முகவரியை விட்டு வெளியே நிலையம் போடுவதற்கான விதியையும் முன்பே படித்துக்கொள்ள வேண்டும்.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது இது. முதல் வருடம் அம்மாபேட்டை மாடி போதும். அன்அசிஸ்டட், அதிலும் கிளாசிக் என்ற உட்பிரிவு. ஒரே ரேடியோ, கிளஸ்டர் கிடையாது, 48ல் 24 மணி நேரம் ஆடினால் போதும். அந்த 24ஐ எங்கே செலவிடுவது என்று யோசிப்பதே பாதி ஆட்டம். சனி காலை ஐந்தரைக்கு 40 மீட்டரில் தொடங்கலாம் என்றால், அதற்கு மாடியில் 20 மீட்டர் நீளக் கம்பி வேண்டும். அவர் வீட்டு மாடி அவ்வளவு நீளம் இல்லை. இரண்டு முனையையும் கீழே மடக்கி, தலைகீழ் V வடிவில் இன்வெர்டட் வீயாகக் கட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு கம்பி அளக்கப் போகிறோம்.