மீக்கடத்தி புராஜெக்ட்: பிஸ்மத் மூலக்கூறா, கார்பன் பந்தா, கறுப்பு ஆக்சைடா?

நாகர்கோவில் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டு, மீக்கடத்தியில் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தி, காந்தப்புலத்தை வெளியே தள்ளும் பொருள்) புராஜெக்ட் செய்ய ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாகக் கவர்வது பொட்டாசியம் ஊட்டிய டிரைஃபீனைல்பிஸ்மத். நடுவில் பிஸ்மத் அணு, சுற்றிலும் மூன்று பென்சீன் வளையங்கள். பொட்டாசியம் எலக்ட்ரானைக் கொடுத்ததும் இது 3.5, 7.2 கெல்வினில் (0 கெல்வின் என்பது ஏறக்குறைய மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) மீக்கடத்துவதாக அறிவிப்பு வந்தது. எனக்கு உறுத்துவது அந்த 3.5தான். ஒரு பொட்டாசியத்துக்கு இரண்டு பிஸ்மத் சேர்ந்த சாதாரண உலோகச் சேர்மமும் ஏறக்குறைய அதே வெப்பநிலையில் மீக்கடத்தியாகிறது. சூட்டில் மூலக்கூறு கொஞ்சம் சிதைந்து அது உருவாகியிருந்தால்? சிறு அளவு இருந்தால் எக்ஸ்ரேயிலும் தெரியாது. அதனால் வெப்பநிலையை விட, மாதிரியில் எத்தனை சதவீதம் காந்தப்புலத்தை வெளியே தள்ளுகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 2010இல் 18 கெல்வின் என்று வந்த பொட்டாசியம்-பைசீன் (ஐந்து பென்சீன் வளையங்கள் ஒட்டிய மூலக்கூறில் பொட்டாசியம் ஊட்டியது) தடுமாறியதும் இங்கேதான்: அந்தப் பங்கு மிகக் குறைவு, மற்றவர்களால் எளிதில் திரும்பச் செய்யவும் முடியவில்லை.

கார்பன்-60, அதாவது அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த பந்து வடிவ மூலக்கூறு, அப்படியல்ல. 1991இல் பெல் ஆய்வகத்தில் பொட்டாசியம் ஊட்டி 18 கெல்வின் கண்டார்கள். உடனே பல நாடுகளில் அதைத் திரும்பச் செய்தார்கள். ருபீடியத்தில் 28ஐ ஒட்டி, அழுத்தத்தில் வைத்த சீசியத்தில் 38. அணு பெரிதாகி பந்துகள் விலக விலக வெப்பநிலை ஏறுகிறது. இப்படி ஒரு ஒழுங்கு தெரிவதால்தான் நான் இதை நம்புகிறேன்.

ஆனால் பிஸ்மத் மூலக்கூறு, கார்பன் பந்து இரண்டுக்குமே ஆர்கான் நிரப்பிய க்ளவ் பாக்ஸ் (கையுறை வழியாக வேலை செய்யும், காற்றுப் புகாத பெட்டி) வேண்டும், திரவ ஹீலியம் வேண்டும். இரண்டு பருவமழையும் நனைக்கும் நம்ம மாவட்டத்துக் காற்றில் பொட்டாசியத்தைத் திறந்து வைக்கவே முடியாது.

சரி, கையால் செய்து பார்க்க? இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடுதான். ஆக்சைடுகளையும் பேரியம் கார்பனேட்டையும் அரைத்து, 930 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு, ஆக்சிஜனில் மெதுவாக ஆறவிட்டால் கறுப்பு வில்லை தயார். ஈரம் இதற்கும் ஆகாது, மூடி வையுங்கள். 93 கெல்வினிலேயே மீக்கடத்துவதால், கால்நடை மருந்தகங்களில் சினை ஊசிக்கு வைத்திருக்கும் அதே திரவ நைட்ரஜனின் குளிரே போதும்.

பிஸ்மத் மூலக்கூறுதான் வேண்டும் என்றால் குவாண்டம் எஸ்பிரெசோ என்ற இலவச மென்பொருளில் அதன் எலக்ட்ரான் பட்டைகளை (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் அளவுகளை) கணக்கிடுங்கள். அதற்கு ஒரு நல்ல கணினியும் பொறுமையும் இருந்தால் போதும்.