டீசல் எஞ்சின் மாற்றிய பழைய வான் வாங்கப் போகிறீர்களா? என் 23,400 டொலர் போன கதை

நேற்றுப் பின்னேரம் கராஜ் அண்ணை போன் எடுத்தார். "தம்பி, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போ. போனிலை சொல்லேலாது" என்றார். போனேன், பார்த்தேன். இரவு நித்திரை இல்லை. விடிய நாலு மணிக்கு எழும்பிக் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 23,400 டொலர். வானுக்கு 17,000, அதை உள்ளே படுத்துத் தங்கக்கூடிய கேம்பராக மாற்றித் தருவதற்கு முற்பணம் 6,400. ஐந்து வருடம் ஓவர்டைம் செய்து சேர்த்த காசு.

இடத்தின் பெயரைப் போடவில்லை. வழக்குப் போட யோசிக்கிறேன், அதனால். ரொறன்ரோவுக்கு வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில், பழைய வான்களுக்கு எஞ்சின் மாற்றி, உள்ளே கட்டில் அலுமாரி அடித்து விற்கும் ஒரு சின்னப் பட்டறை. அவ்வளவு போதும்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒன்ராறியோவில் அரச காணிகளில், கனடாவில் வசிக்கும் எவரும் ஒரே இடத்தில் 21 நாள் வரை காசு கட்டாமல் தங்கலாம். பூங்காக்களில் கோடைக்கு இடம் பிடிக்க மாதக்கணக்கில் முன்னரே கணினிக்கு முன்னால் காத்திருக்க வேண்டும், அந்தக் கரைச்சல் இங்கே இல்லை. ஆனால் அந்தக் காணிகளுக்குப் போகும் பாதைகள் பெரும்பாலும் மரம் ஏற்றும் லொறிகள் போன மண் பாதைகள். சாதாரண மினி வான் வயிற்றைத் தட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் நாலு சில்லும் இழுக்கிற வான் தேடினேன்.

ஃபோக்ஸ்வாகன் வனகன் சின்க்ரோ என்று ஒன்று இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் வந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டையர்-டைம்லர்-புக் நிறுவனத்தில் பொருத்தப்பட்டது. எஞ்சின் பின்னால், ரேடியேற்றர் முன்னால், முன் டிஃபரன்சியலில் ஒரு விஸ்கஸ் கப்ளிங். பின் சில்லு வழுக்கத் தொடங்கினால் அது தானே இறுகி முன் சில்லுகளுக்கு இழுவையைக் கொடுக்கும். முதலாம் கியருக்கும் கீழே, கரடு முரடான இடத்துக்கென்றே ஒரு "ஜி" கியர். கெட்டிக்கார வண்டி. அதோடு வந்த 2.1 லீற்றர் பெற்றோல் எஞ்சின்தான் தலையிடி. 95 குதிரைச் சக்தியை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியை இழுக்க மூச்சு வாங்கும், ஹெட் கஸ்கற்றில் கூலன்ற் கசியும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டு, 1999 முதல் 2003 வரை ஜெற்றாவில் வந்த 1.9 லீற்றர் டீடிஐ டீசல் எஞ்சினைப் போடுவார்கள். ஏஎல்எச் என்று குறியீடு. டீசல் குறைவாகக் குடிக்கும், ஏற்றத்தில் அழாது.

இவ்வளவும் வாசித்துத் தெரிந்த பிறகுதான் ஏமாந்தேன். அதுதான் கூடக் கொதிக்கிறது.

பங்குனி மாதம் விளம்பரம் கண்டேன். 1987 மொடல், வெள்ளை, டீசல் எஞ்சின், "நாலு சில்லு இழுவை நூறு வீதம் வேலை செய்யும்". உள்ளே வெறும் பெட்டி, கட்டில் ஒன்றும் இல்லை. விலை சந்தையை விடக் குறைவு. ஏன் என்று கேட்டேன். "கேம்பர் வேலையையும் எங்களிடமே தந்தால்தான் இந்த விலை" என்றார் பட்டறைக்காரர். எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

போன அன்று முற்றம் முழுக்கப் பனி. ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், கையெல்லாம் கிறீஸ். கோப்பி ஊற்றித் தந்தார். நீல நிறக் கோப்பு (ஃபைல்) ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். எஞ்சினை மாற்றிய ஒவ்வொரு நாளும் எடுத்த படங்கள், பற்றுச்சீட்டுகள், கையால் கீறிய வயர் வரைபடம். நான் அலுவலகத்தில் கணக்கு வேலை செய்பவன். ஒழுங்காக அடுக்கிய கோப்பைக் கண்டால் அரைவாசி நம்பிவிடுவேன். அது என் பலவீனம்.

மிச்ச அரைவாசியையும் நம்ப வைத்த இடம் இது. வானுக்குக் கீழே படுக்கச் சொல்லி ரோர்ச் லைற்றைத் தந்தார். தானும் பக்கத்தில் படுத்து, பின் சில்லுக்கு மேலே விரலால் தட்டிக் காட்டினார். "இதில் துரு இருக்கிறது. மற்றவன் மைபூசி மறைப்பான். நான் பொய் சொல்லமாட்டேன். இதை வெட்டி ஒட்ட வேண்டும், அதற்கு நான் காசு எடுக்கமாட்டேன்." அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. ஒரு குறையைத் தானாகச் சொல்கிற மனிதன் மற்றதை எல்லாம் மறைப்பானா என்று நினைத்தேன். அவர் தட்டிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு எழும்பி வந்தேன். லைற்றை இரண்டடி அங்கால் திருப்பியிருந்தால் 23,400 டொலர் மிஞ்சியிருக்கும்.

பிறகு பனிக்குள் ஓட்டிக் காட்டினார். பின்முற்றத்தில் ஒரு சின்ன ஏற்றம். வான் வழுக்காமல் ஏறியது. "பார், நாலு சில்லும் பிடிக்குது" என்றார். நானும் தலையாட்டினேன்.

அன்றே 17,000 டொலருக்கு வங்கிக் காசோலை என்று பேசி, இரண்டு நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேம்பர் வேலைக்கு 6,400 டொலரை ஈ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். வேலைக்கென்று எழுதித் தந்தது ஒரு பக்கம்: மடிக்கும் கட்டில், சுவருக்குள் குளிர்க் காப்பு, டீசல் ஹீற்றர், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பற்றரி, தண்ணீர்த் தொட்டி. முடிக்கும் திகதி அதில் இல்லை. வாயால்தான் சொன்னார், "வைகாசியிலை விக்ரோரியா நாள் நீண்ட வார இறுதிக்கு நீ காட்டில் நிற்பாய்" என்று.

விக்ரோரியா நாள் வந்தது. மெத்தைத் துணி வரவில்லையாம். ஆனியில் வெல்டிங் செய்பவருக்குக் கையில் காயமாம். ஆடியில் போன் எடுத்தால் குரல் பெட்டி நிரம்பிவிட்டது என்றது. செய்தி அனுப்பினால் பார்த்ததாகக் காட்டும், பதில் வராது. ஒருநாள் அதிசயமாக, "நாளைக்குப் படம் அனுப்புகிறேன்" என்று பதில் வந்தது. அந்த நாளைக்கு வர ஒன்பது நாள் பிடித்தது. படத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். வடிவான கட்டில், மர அலுமாரி. மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் இழுக்கிற கதவு இடது பக்கம் இருக்குது?" என்றா. எங்கள் வானுக்குக் கதவு வலது பக்கம். இடது பக்கம் கதவு இருப்பது இங்கிலாந்து போன்ற நாடுகளுக்குச் செய்த வலது கை ஸ்ரியரிங் வான்களில். யாருடையதோ படத்தை எங்கோ இருந்து எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்.

அதைக் கேட்டதற்கு வந்த பதில்: "உதாரணத்துக்கு அனுப்பினேன். உனக்குப் பொறுமை இல்லை. இது கலை வேலை."

கலையாம்.

புரட்டாதியில் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். என் வான் பின்முற்றத்தில் ஒரு தார்ப்பாயின் கீழ் நின்றது. உள்ளே தரைக்கு ஒட்டுப்பலகை, ஒரு பக்கச் சுவருக்குள் வீடுகளுக்குப் போடும் இளஞ்சிவப்புக் கண்ணாடிப் பஞ்சு. அது ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டை உள்ளிருந்தே தின்ன வைக்கும். லித்தியம் பற்றரிக்குப் பதில் ஒரு பழைய ஈய பற்றரி, அதில் இருந்து போன தடித்த வயரில் ஒரு ஃபியூஸ் கூட இல்லை. ஹீற்றரும் தொட்டியும் கிடையாது. துரு அதே இடத்தில் அப்படியே. மனிதர் வெளியே வந்து, "மிச்சக் காசு தந்தால் இரண்டு கிழமையில் முடிப்பேன்" என்றார். நான் திறப்பைக் கேட்டேன். திறப்பைத் தந்தபோது சிரித்தார், அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நூறு கிலோமீற்றர் வேகத்தில் போனால் எஞ்சின் கத்தியது. பெற்றோல் எஞ்சினுக்கு உரிய கியரை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று அண்ணை பிறகு சொன்னார். ஹைவே 400 இல், பாரி நகருக்குக் கிட்ட, டக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஓரத்தில் இரண்டரை மணி நேரம் நின்றேன். இழுவை வண்டிக்கு 480 டொலர்.

இனி நேற்றுப் பின்னேரம். அண்ணை வானை உயர்த்தி வைத்திருந்தார். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் ரைமிங் பெல்ற் அறுந்திருக்கிறது. கோப்பில் "புதிது" என்று இருந்த பெல்ற், வெடித்துப் பொரிந்து கிடந்தது. இந்த எஞ்சினில் பெல்ற் அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி வளையும். வளைந்துவிட்டன. அது கூடப் பரவாயில்லை என்று நினைக்கும் அளவுக்கு அடுத்தது வந்தது.

"தம்பி, இது முன்னுக்கு இழுக்காது."

"ஏன் அண்ணை? கப்ளிங் பழுதா?"

"பழுதோ இல்லையோ, அங்கை சக்தி போறதுக்கு ஷாஃப்ற்றே இல்லை. கழட்டி எடுத்திட்டாங்கள்."

பழைய கப்ளிங் இறுகிப்போனால், திருத்தச் செலவு அதிகம் என்று சிலர் நடு ஷாஃப்ற்றைக் கழற்றிவிட்டு வெறும் பின் சில்லு வண்டியாக ஓட்டுவார்களாம். நான் கீழே படுத்திருந்தபோது அந்த வெற்றிடம் என் தலைக்கு நேரே மேலே இருந்திருக்கும். "அப்ப பனியிலை எப்படி ஏறினது?" என்று கேட்டேன். அண்ணை என்னைப் பாவமாகப் பார்த்தார். "எஞ்சின்ரை பாரம் முழுக்கப் பின் சில்லுக்கு மேலை இருக்குது. நல்ல பனி ரயரும் போட்டிருக்கு. ஏறும்தானே."

23,400 டொலர் கொடுத்து, நாலு சில்லு இழுக்காத, எஞ்சின் ஓடாத, படுக்க முடியாத ஒரு பெட்டியை வாங்கியிருக்கிறேன். பெயர் மாற்றும்போது கட்டிய 13 வீத வரி 2,210 டொலரை இதில் சேர்க்கவில்லை.

இன்னொன்று, இதுதான் என் வெட்கம். ஒன்ராறியோவில் தனியார் விற்பனை என்றால் விற்பவர் வாகனத் தகவல் பொதி ஒன்றைத் தர வேண்டும், சட்டம். அவர் "தபாலில் வரும்" என்றார். பெயர் மாற்ற அது தேவை என்பதால் 20 டொலர் கட்டி நானே எடுத்தேன். எடுத்து, மடித்து, கையுறைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். நேற்று இரவுதான் பிரித்து வாசித்தேன். நாலு வருடம் தானே ஓட்டினதாகச் சொன்ன மனிதரின் பெயரில் அந்த வான் இருந்தது வெறும் ஏழு கிழமை. பட்டறை வைத்திருப்பவர், ஆனால் விற்றது தனி ஆளாக. ஒன்ராறியோவில் வாகன விற்பனையாளர்களைக் கண்காணிக்கும் ஓம்விக்கில் பதிவுபெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால்தான் அங்குள்ள இழப்பீட்டு நிதியைக் கேட்கலாம். எனக்கு அந்த வழியும் இல்லை.

காலை அவருக்குக் கடைசியாக ஒரு செய்தி அனுப்பினேன். "பார்த்தபடி விற்றது. சேஃப்ரி சான்றிதழ் இருந்தது" என்று பதில். வண்டி ஓட்டத் தகுந்தது என்று தரும் அந்தச் சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லும், உத்தரவாதமும் அல்ல. பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை என்று நீளமாக எழுதத்தான் தொடங்கினேன். இப்போது வேலைக்குப் போக நேரமாகிவிட்டது, தலையும் இடிக்கிறது. அவசரமாகச் சொல்கிறேன். விற்பவர் காட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள், காட்டாத இடத்தைப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் ஷாஃப்ற் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பெல்ற்றின் மேல் மூடி கிளிப்தான், இரண்டு நிமிடத்தில் திறக்கலாம், திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணை அன்றே வருகிறேன் என்றார், நான்தான் "சின்ன விஷயம்" என்றேன். வானையும் வேலையையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் வாங்காதீர்கள். முற்பணத்தை ஈ-ட்ரான்ஸ்ஃபரில் போடாதீர்கள், போனால் போனதுதான். லித்தியம் பற்றரியைப் பூச்சியம் பாகைக்குக் கீழான குளிரில் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதையாவது தெரிந்தவரா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பொதியை வாசியுங்கள்.

சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் யாராவது இப்படி வழக்குப் போட்டிருந்தால் எழுதுங்கள். 23,400 டொலர் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. அந்த மனிதர் நேற்று இன்னொரு விளம்பரம் போட்டிருக்கிறார், பச்சை நிற வான், டீசல். மூன்றாவது படத்தில் மேசையில் அதே நீலக் கோப்பு இருக்கிறது.