பழைய பறப்புக் குறிப்பேடும் ஓர் ஆய்வு நிறுவனமும்

என் கணவரின் தாத்தா 1943இல், பதினாறு வயதில் எழுதிய கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) பறப்புக் குறிப்பேடு, அவர் மறைந்த பின் ஒரு தகர டப்பாவில் கிடைத்தது. 1941இல் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்ட பழைய ஜெர்மன் கையெழுத்து இங்கே ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த என் கணவருக்கே பிடிபடவில்லை என்பதால், அதைப் படித்துப் பின்னணி அறிக்கையோடு தருவதாகச் சொன்ன ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தை நாடினோம்.

எழுத்தைப் படித்துக் கொடுத்ததில் குறை சொல்ல இடமே இல்லை. தேதி, பயிற்சி நடந்த கிரூனாவ் மலைச்சரிவு (இன்று போலந்தில் இருக்கிறது), எஸ்ஜி 38 என்ற கிளைடர், காற்றில் இருந்த நேரம் என எல்லாம் வரிக்கு வரி பிசகாமல் வந்திருந்தன. முதல் வரிசைகளில் 6 வினாடி, 9 வினாடி என்றுதான் இருக்கிறது. எஸ்ஜி 38இல் ஆசிரியருக்கு இருக்கை கிடையாது. சுற்றுச் சுவர்கூட இல்லாத ஒரு பலகையில் பையனை உட்காரவைத்து, மற்ற பையன்கள் ரப்பர் கயிற்றை இரு பக்கமும் இழுத்துக்கொண்டு சரிவில் ஓட, அவன் முதல் நாளிலிருந்தே தனியாகத்தான் எழும்ப வேண்டும். ஒற்றைக் கடற்பறவை பொறித்த 'ஏ' என்ற முதல் நிலைத் தேர்ச்சிச் சின்னத்திற்கு 30 வினாடி நேராகப் பறந்தால் போதும். தாத்தா அதை வாங்கியிருக்கிறார். இத்தனையையும் அறிக்கை தெளிவாக விளக்கியது.

என் மனத்தாங்கல் அறிக்கையின் தொனியில்தான். ஒவ்வொரு பக்கத்திலும் குத்தப்பட்டிருக்கும் முத்திரையில் சிறகு விரித்த மனிதன்மேல் ஸ்வஸ்திகா இருக்கிறது. 1937இல் அமைந்த என்.எஸ்.எஃப்.கே. என்ற நாஜிப் பறப்பாளர் படையின் சின்னம் அது. ஹிட்லர் இளைஞர் அமைப்பின் பறப்புப் பிரிவுப் பையன்களுக்குக் கிளைடர் கற்பித்து, ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேக்கு ஆள் சேர்க்க வழிசெய்ததே அந்தப் படையின் வேலை. அறிக்கையோ இதைத் தொடாமல், 'இளமைக்கால விளையாட்டு' என்று எழுதிவிட்டு, தலைப்பில் மட்டும் 'லுஃப்ட்வாஃபே விமானி' என்று போட்டிருந்தது. மொத்தமாகக் கூட்டினால் பத்து நிமிடம்கூட வானில் இல்லாத சிறுவனுக்கு இரண்டுமே பொருந்தாது.

இராணுவப் பணி பற்றி விசாரிக்கத் தனிக் கட்டணம் வாங்கியதையும் சொல்ல வேண்டும். போர்வீரர்கள் பற்றிய பெர்லின் தகவல் அலுவலகம் 2019 முதல் ஜெர்மன் ஃபெடரல் ஆவணக் காப்பகத்தோடு இணைந்துவிட்டது. அங்கே ஒரு படிவம் அனுப்பியதற்குத்தான் அந்தக் கட்டணம், அதை உறவினர்களே அனுப்பலாம். லுஃப்ட்வாஃபே ஆவணங்களில் பெரும்பகுதி 1945இல் அழிக்கப்பட்டுவிட்டதால் பதில் வெறுமையாகவும் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், நாங்கள் அந்தச் சேவையைக் கேட்டிருக்கவே மாட்டோம்.

எனவே எழுத்தைப் படிக்க மட்டும் இவர்களிடம் கொடுங்கள். நாங்கள் எழுதிக் கேட்ட பிறகு முத்திரை பற்றி ஒரு பத்தி சேர்த்துத் திருத்திய பிரதி அனுப்பினார்கள். தலைப்பில் 'விமானி' இன்னும் இருக்கிறார்.