இமாம் பசந்த் கன்று வாங்குகிறவர்களே, காய்க்கும் வரை காத்திருக்காதீர்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் இமாம் பசந்த் மா என்று சொல்லி, அதற்கான விலையையும் வாங்கிக்கொண்டு எங்களுக்குக் கொடுத்த ஒட்டுக்கன்றுகள் இந்த ஆண்டு முதல் காய்ப்புக்கு வந்தன. பாதிக்கு மேல் கிளிமூக்கு. தோட்டத்துக்கே வந்து வாங்கிப்போகும் பழத்துக்காக வளர்த்த மரங்களில், மாங்கூழ் ஆலை சொல்லும் விலைக்குத் தள்ளிவிட வேண்டிய காய். சில மரங்களில் பெயரே இல்லாத நாட்டுக்காய்: ஒட்டு பட்டுப்போய், அடியில் ஒட்டுக்கட்டப் பயன்பட்ட வேர்ச்செடி துளிர்த்ததையும் சேர்த்தே விற்றிருக்கிறார்கள்.

கேட்டால், "உங்கள் மண்வாகு அப்படி, அண்ணே" என்கிறார் பண்ணைக்காரர். மண்ணும் தண்ணீரும் பழத்தின் எடையை மாற்றும், இனிப்பைக் கூட்டிக் குறைக்கும். பழுத்தும் பச்சை மாறாத உருண்டையான இமாம் பசந்துக்கு மூக்கு வைக்காது.

கன்றாக இருக்கும்போதுதான் இந்தச் சாக்கு எடுபடுகிறது. இலையின் நீள அகலம், நுனி, விளிம்பின் அலை, தளிரின் நிறம், கசக்கினால் வரும் வாசனை எல்லாம் ரகத்துக்கு ரகம் வேறுபடும். ஆனால் நிழலும் உரமும் இலையின் முதிர்ச்சியும் அவற்றைக் குழப்பிவிடும். தாய்மரத்தின் அதே முதிர்ச்சியுள்ள இலையோடு வைத்துப் பார்த்தால் சந்தேகம் வரும். வழக்காட அது போதாது.

வழக்காட உதவியது மரபணு ஆய்வு. ஒட்டுக்கன்று தாய்மரத்தின் நகல். டி.என்.ஏ.வில் சில எழுத்துகள் அடுத்தடுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை முறை வருகின்றன என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அப்படிப் பல இடங்களை அளந்து, ரகம் உறுதியான மரத்தின் அளவுகளோடு ஒப்பிடுகிறார்கள். மூக்குக் காய் காய்த்த எங்கள் மரங்கள் பெங்களூராவோடு (கிளிமூக்கின் ஏட்டுப் பெயர் அது) அச்சாகப் பொருந்தின. இலையை ஒட்டுக்கு மேலிருந்து கிள்ள வேண்டும். கீழிருந்து எடுத்தால் வேர்ச்செடியின் ஜாதகம்தான் கைக்கு வரும்.

இதற்குப் பழம் தேவையில்லை, நட்ட மாதமே செய்யலாம். அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். மாமரமோ காய்க்கவே மூன்று நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். "வாங்கி எத்தனை வருடம் ஆகிறது?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே கேட்கிறார். காயைக் கண்ட நாளிலிருந்துதான் கணக்கு என்பது எங்கள் வாதம். இழுத்துக்கொண்டிருக்கிறது.

ரசீதில் 'மாங்கன்று' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பண்ணைக்காரர் கைப்பேசியில் அனுப்பிய விலைப்பட்டியலில் ரகத்தின் பெயர் இருந்ததால் பிழைத்தோம். நீங்கள் ரகம், குவியல் எண் (எந்தத் தொகுதிக் கன்று என்று காட்டும் எண்), பண்ணையின் உரிம எண் மூன்றும் இல்லாத ரசீதை வாங்காதீர்கள். தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏக்கர் கணக்கில் நடுகிறவர்கள், கன்று இறங்கிய அன்றே ஆங்காங்கே இலை கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வந்த பிறகே மீதிப் பணம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதற்குச் சம்மதிக்காத பண்ணையில் வாங்காதீர்கள்.