நெல் வண்டிக்கு ஒன்று, மீன் வண்டிக்கு ஒன்று: பிக்கப் ஷாக் எதைப் போடுவது?

தை மாதம் கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போன பிக்கப், காலியாகத் திரும்பும்போது கவனித்துப் பாருங்கள். போகையில் அடங்கி ஓடிய வண்டி, திரும்புகையில் ஒவ்வொரு மதகுப் பாலத்திலும் பின்பக்கம் துள்ளும். ஷாக் அப்சார்பர் நல்லதா, செத்துவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும்.

கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "லோடு தாங்குற ஷாக் எது?" என்றுதான் கேட்கிறார்கள். லோடைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. அந்தப் பட்டை அமுங்கி எழுகிற ஆட்டத்தை அடக்கி, டயரைத் தரையை விட்டு எழும்பாமல் வைத்திருப்பது ஷாக்கின் வேலை. பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்துவிட்ட வண்டிக்கு என்ன விலையில் ஷாக் வாங்கிப் போட்டாலும் நிமிராது. முதலில் பட்டையைப் பார்த்துவிடுங்கள்.

எங்களிடம் 2 பிக்கப் உண்டு. ஒன்று திருத்துறைப்பூண்டியைச் சுற்றி நெல், உரம், வைக்கோல் என்று ஓடுகிறது. இன்னொன்று விடியற்காலையில் நாகப்பட்டினத்தில் மீன் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போகிறது. இரண்டுக்கும் ஒரே ஷாக் போட்டது நான் செய்த தவறு.

சாதாரண ஆயில் ஷாக்கில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும். உள்குழாயில் பிஸ்டன் ஓடும். வெளிக்குழாயில் மிச்ச ஆயிலும் அதன் மேல் கொஞ்சம் காற்றும் நிற்கும். வயல் பாதையில் இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டிக்கு இதில் ஒரு குறையும் இல்லை. விலையும் குறைவு. நெல் வண்டிக்கு இன்றும் இதைத்தான் போடுகிறேன்.

மீன் வண்டியில் இது தோற்றது. டெல்டாவின் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். மேலே போட்ட தார்ச்சாலை அலை அலையாகிவிடும். பள்ளம் ஒரு அடி கொடுத்துவிட்டு விடும். அலைச்சாலையோ ஷாக்கை விடாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆயில் சூடேறி, காற்று கலந்து நுரைத்துவிடும். நுரைக்குள் பிஸ்டன் தடையில்லாமல் வழுக்கிப் போகும். வண்டி படகு மாதிரி ஆடும். ஆறியதும் ஷாக் பழையபடி வேலை செய்யும். அதனால் பட்டறைக்குக் கொண்டுபோய் அமுக்கிக் காட்டினால் "நல்லாத்தானே இருக்கு அண்ணே" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

கேஸ் ஷாக் என்பதும் இதே இரட்டைக் குழாய்தான். காற்று இருக்கிற இடத்தில் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். ஆட்டத்தை அடக்குவது இதிலும் ஆயில்தான். கேஸ் அந்த ஆயிலை அழுத்தி வைத்து நுரைக்க விடாமல் பார்த்துக்கொள்கிறது. மீன் வண்டிக்கு இதை மாற்றிய பிறகு, ஓட்டுகிற தம்பி முதலில் சொன்னது பிரேக்கைப் பற்றி. டயர் தரையில் பதிந்திருந்தால் பிரேக் சீராகப் பிடிக்கும். எனக்கு அந்த ஒன்றுக்கே கூடுதல் விலை கொடுக்கலாம்.

மோனோட்யூப் ஒற்றைக் குழாய் ஷாக். அதிக அழுத்தத்தில் கேஸ் இருக்கும். நடுவில் மிதக்கும் ஒரு பிஸ்டன் கேஸையும் ஆயிலையும் பிரித்து வைக்கும். நுரைக்க வழியில்லை, சூடும் நேரடியாக வெளிச்சுவர் வழியே போய்விடும். நுட்பத்தில் இதுதான் உயர்ந்தது. ஆனால் பிஸ்டன் அந்த வெளிச்சுவரிலேயே உரசி ஓடுகிறது. ஜல்லி தெறித்து ஒரு நசுங்கல் விழுந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் அந்த அடியை வெளிக்குழாய் வாங்கிக்கொள்ளும். ஆற்றங்கரைச் சரளையில் ஓடுகிற வண்டிக்கு மோனோட்யூபை நான் சொல்ல மாட்டேன். இரவெல்லாம் நெடுஞ்சாலையிலேயே சென்னை போய் வருகிற வண்டி என்றால் யோசிக்கலாம்.

ரீகண்டிஷன் வேண்டாம். ஒரு பட்டறையில் பழைய ஷாக்குக்கு ஆயிலும், அது கசியாமல் அடைக்கிற சீலும் மாற்றி வாங்கி, மீன் வண்டியில் மாட்டினேன். ஐஸ் உருகி வழிகிற உப்புத் தண்ணீர் பிஸ்டனோடு சேர்ந்த கம்பியான ராடில் ஏற்கெனவே துருப்புள்ளி வைத்திருந்தது. அந்தப் புள்ளிகள் புதுச் சீலை அறுத்துவிட்டன. ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. ராடு துருப்பிடித்த ஷாக்குக்கு எந்த ஆயில் ஊற்றியும் பயனில்லை. எந்த ஷாக் போட்டாலும், மீன் இறக்கியதும் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடியுங்கள்.

கூடுதல் பட்டை போட்டு வண்டியை உயர்த்தியவர்கள், ஷாக்கின் நீளத்தை அளந்து வாங்குங்கள். பழைய அளவே போட்டால், காலி வண்டி துள்ளும்போது ஷாக் முழுக்க இழுபட்டுத் தலைப்பகுதி அறுந்துபோகும். மாற்றும்போது இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆயில் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க இழுத்து அமுக்கினால், படுக்க வைத்திருந்தபோது உள்ளே புகுந்த காற்று வெளியேறும். நட்டு முடுக்குகிறவர் குறட்டால் ராடைப் பிடிக்கப் போனால் உடனே தடுத்துவிடுங்கள். அந்தக் கீறலிலிருந்துதான் ஆயில் கசியத் தொடங்கும்.